மூத்தவனின் கொப்பி

நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. 1987 மார்கழியில், நோர்வேயின் வடகோடியில் உள்ள பொட்ஸ்ஃபியோர்டில் வாங்கியது. மாரியில் இரண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர். மீன் தொழிற்சாலையில் வேலை முடித்து அறைக்கு வந்ததும், கையில் மீன் மணம் போக முதலே கொப்பியை விரிப்பேன். இடப்பக்கம் திகதி, நடுவில் தொகை, வலப்பக்கம் யாருக்கு, எதற்கு. பெரிய தங்கச்சி, நகை. நடுத் தங்கச்சி, வீட்டுக்கு ஓடு. அப்பா, மருந்து. எல்லாம் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்வழியாக, போன காசு. 1994இல் கடைசித் தங்கச்சியின் கலியாணம் முடிந்த செய்தி வந்த இரவு, அவளுடைய தொகைக்குக் கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு இழுத்தேன். மூடிவைத்துவிட்டு நன்றாக நித்திரை கொண்டேன்.

அந்த இரண்டு கோட்டை ஒரு ஜெர்மன் நாவலில் மறுபடி காண்பேன் என்றோ, ஒரு சீன நாவல் அவற்றுக்குக் கீழே என்னை எழுதவைக்கும் என்றோ அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

வீட்டில் நான் மூத்தவன். எனக்குப் பின்னால் மூன்று தங்கச்சிமார். அப்பா கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். 1986இல் போல்க்கஹோய்ஸ்கூல் என்னும் விடுதிப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்து வெளிக்கிட்டேன். என் வயதுப் பெடியள் பலர் அந்த வழியால்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள். எங்கள் எல்லாருக்கும் முன்னே, 1956இலேயே வந்தவர் அன்ரனி இராஜேந்திரம். பிறகு யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காக சீநோர் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஊரை விட்டுப் போனவன் ஊருக்குக் கடன்பட்டவன் என்பதற்கு அவர் பெயரைத்தான் பெரியவர்கள் சொல்லுவார்கள். நான் வெளிக்கிட்ட அன்று அப்பா படலைவரை வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, நீதான் மூத்தவன்" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

பல வருடம் கழித்து, யாழ்ப்பாணத்தாரின் வழக்குச் சட்டமான தேசவழமையை எடுத்துப் படித்தேன். 1707இல் ஒல்லாந்தரின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் தொகுத்து எழுதியது. மகளுக்குச் சீதனம். கலியாணம் கட்டாத மகன் உழைப்பது குடும்பத்தின் பொதுச் சொத்துக்கு. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை மகன் பங்கு கேட்க முடியாது. பொட்ஸ்ஃபியோர்டில் நான் இழுத்த மூன்று நிரலும் அதற்குள் இருந்தன. நானாக யோசித்துச் செய்தேன் என்று எண்ணியிருந்தது எல்லாம், நான் பிறக்க இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுத்தில் இருந்திருக்கிறது.

கடைசித் தங்கச்சியின் கலியாணத்துக்குப் பிறகு ஒஸ்லோவுக்கு மாறினேன். கொஞ்சக் காலம் துப்புரவு வேலை. 1995இலிருந்து குரோருட் பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. அங்கேதான் குட்பிரான்ஸ்டாலில் பிறந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொண்டேன். இந்த நாட்டில் எல்லாருக்கும் எல்லாரும் 'து', அதாவது 'நீ'. எண்பது தாண்டியவரை 'நீ' என்று கூப்பிட எனக்கு நாக்குக் கூசியது. மனதுக்குள் அம்மம்மா என்று சொல்லிக்கொண்டு வாயால் 'து' என்பேன்.

அவருடைய கட்டில் அருகே மூன்று தடித்த புத்தகங்கள் இருந்தன. சீக்ரிட் உண்ட்செத் 1920இலிருந்து 1922வரை எழுதி முடித்த 'கிறிஸ்தீன் லவ்ரான்ஸ்டாத்தர்'. 1928இல் உண்ட்செத்துக்கு நொபெல் பரிசு கிடைப்பதற்கு முக்கிய காரணமான நாவல். "கஷ்டமான நோர்ஸ்க் மொழி. ஆனால் இதைப் படித்தால் எங்களை விளங்கும்" என்று முதல் பாகத்தைத் தந்தார். அந்த மாரி முழுக்க அகராதியோடு படித்தேன். அடுத்த வருடம், 1999இல், உண்ட்செத்தின் முகத்தோடு புதிய 500 குரோணர் தாள் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒருவரைக் கண்டதுபோல் சந்தோசப்பட்டேன்.

மேற்குநாட்டுக் குடும்பம் என்றால் பதினெட்டு வயதில் பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும், தாய் தகப்பன் பிறகு முதியோர் இல்லத்தில் கிடப்பார்கள் என்பதுதான் நான் அறிந்திருந்த பாடம். வேலை செய்த இடமும் அதையே காட்டியது. கிறிஸ்தீனின் கதை வேறு ஒன்றைக் காட்டியது. 14ஆம் நூற்றாண்டு. தகப்பன் லவ்ரான்ஸ் தன் செல்ல மகளைக் குலமும் காணியும் பார்த்து, சீமோன் என்ற நல்ல பையனுக்குப் பேசி முடிக்கிறார். திருமணத்துக்கு முன் ஒரு வருடம் ஒஸ்லோவிலுள்ள நொன்னசீத்தர் கன்னியர் மடத்துக்கு மகளை அனுப்புகிறார். அந்த மடம் இருந்தது பழைய ஒஸ்லோவில். முருங்கைக்காயும் வல்லாரையும் வாங்க நாங்கள் சனிக்கிழமைகளில் போகும் கிரோன்லாந்திலிருந்து அதிக தூரமில்லை. அங்கே இருக்கும்போதுதான் அவள் எர்லண்ட் என்பவனிடம் மனதைக் கொடுக்கிறாள். சொன்ன சொல் முறிகிறது. தகப்பன் கடைசியில் இணங்குகிறார். வயிற்றில் பிள்ளையோடு, கன்னிப் பெண்ணுக்குரிய மணமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் மணமேடைக்கு வருகிறாள்.

இது யாழ்ப்பாணத்துக் கதை. பெயரை மாற்றினால் போதும். அன்றிரவு லவ்ரான்ஸுக்கு உண்மை விளங்குகிறது. அதே இரவில் அவருடைய மனைவி, நானும் உன்னிடம் வரும்போது அப்படித்தான் வந்தேன் என்று இத்தனை வருடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறாள். இரண்டு வயதானவர்கள் இருட்டில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முதல்முறை பார்ப்பதுபோல் பார்க்கும் இடம் அது. என் அம்மாவும் அப்பாவும் அப்படி ஒரு நாளாவது கதைத்திருப்பார்களா என்று அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மூதாட்டி தன் கதையைச் சொன்னார். அவர்தான் வீட்டில் மூத்தவர். ஆனால் பண்ணை தம்பிக்குப் போனது. 'ஓடல்' என்று ஒரு பழைய உரிமை இங்கே உண்டு. பண்ணைக் காணி பரம்பரைக்கு வெளியே போகாமல் காப்பது. நோர்வேயின் அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது. முன்பு மகனுக்கே முதலிடம். மகனோ மகளோ மூத்த பிள்ளைக்கே உரிமை என்று 1974இல் சட்டம் மாறியது. ஆனால் 1965க்கு முன் பிறந்த பெண்களுக்கு அந்தச் சமத்துவம் எட்டவில்லை. "அப்பாவுக்கு என்னில் உயிர். பண்ணையைத் தம்பிக்குக் கொடுத்தார். இரண்டும் உண்மை" என்றார் அவர். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

எங்கள் ஊரில் வீடு மகளுக்கு, மகன் வெளியே. அவருடைய பள்ளத்தாக்கில் காணி மகனுக்கு, மகள் வெளியே. எங்கேயும் யாரோ ஒரு பிள்ளை படலையைத் தாண்டத்தான் வேண்டியிருக்கிறது.

பிறகு குடும்பக் கதைகளாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நோர்ஸ்கில் அதற்கு 'ஸ்லெக்த்ஸ்ரூமான்' என்று பெயர், வம்சத்தின் கதை. தொமஸ் மான் 1901இல், தன் இருபத்தாறாவது வயதில் வெளியிட்ட 'புட்டன்புரோக்ஸ்' நாவலை அப்போதுதான் படித்தேன். லூபெக் நகரத்து வியாபாரக் குடும்பம் ஒன்று நான்கு தலைமுறையில் தேய்ந்து போகும் கதை. அலெக்சாண்டர் ஷெலான், யூனாஸ் லீ என்ற நோர்வே எழுத்தாளர்களின் குடும்ப நாவல்களிடம் தான் கற்றதாக மானே சொல்லியிருக்கிறார். லீயின் 'கீல்யக் குடும்பம்' 1883இல் வந்தது. அதில் ஒரு மகள் விரும்பியவனை விட்டு, பெற்றோர் காட்டிய வயதான அதிகாரியைக் கட்டிக்கொள்கிறாள். இன்னொருத்தி நிச்சயித்ததை முறித்துவிட்டு, கலியாணமே இல்லாமல் ஆசிரியையாக வாழ்ந்து முடிக்கிறாள்.

மானின் நாவலில் தோனி என்ற பெண் வருகிறாள். கடற்கரை ஊரில் ஒரு மருத்துவ மாணவனை விரும்பியவள். வீட்டார் அவளைக் கட்டிவைத்து அடிக்கவில்லை. கிரூன்லிக் என்ற வியாபாரியின் சம்பந்தம் குடும்பத்துக்கு நல்லது என்று மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு காலையில் அவள் குடும்பப் புத்தகத்தைத் திறக்கிறாள். முன்னோரின் பிறப்பும் கலியாணமும் இறப்பும் எழுதிய புத்தகம். வாசிக்க வாசிக்கத் தானும் அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் என்ற பெருமை வருகிறது. பேனாவை எடுத்து, கிரூன்லிக்குடன் தன் நிச்சயதார்த்தத்தைத் தானே எழுதிவிடுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அவன் சீதனப் பணத்துக்காக வந்த மோசக்காரன் என்பது.

அந்தப் புத்தகத்தைத்தான் நாலாம் தலைமுறைச் சிறுவன் ஹன்னோ ஒருநாள் எடுத்து, தன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுக்கிறான். ஏன் இழுத்தாய் என்று தகப்பன் அதட்ட, இனி ஒன்றும் வராது என்று நினைத்தேன் என்று திக்குகிறான். எனக்கு உடம்பு சில்லிட்டது. எழும்பிப் போய் லாச்சியைத் திறந்து என் கொப்பியைப் பார்த்தேன். அதே இரண்டு கோடு. அவனுக்கு வம்சம் முடிந்ததற்கு. எனக்குக் கடன் முடிந்ததற்கு. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

2005 ஐப்பசி. இரவு வேலையில் என்னோடு சீனப் பெண் ஒருத்தி சேர்ந்திருந்தாள். சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரத்தவள். 17ஆம் திகதி இரவு அவள் முகம் வாடியிருந்தது. "பா ஜின் இறந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர். நூறு வயது" என்றாள். 1931இல் ஷங்காய்ப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த 'குடும்பம்' என்ற நாவலை எழுதியவர் அவர் என்றும், தன் நாட்டில் அதைப் படிக்காத பிள்ளை இல்லை என்றும் சொன்னாள். சிட்னி ஷப்பிரோவின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்தேன்.

செங்டுவில் காவ் குடும்பத்தின் பெரிய வீடு. முற்றத்துக்கு மேல் முற்றம். மேலே பாட்டனார். அவர் சொல்லே சட்டம். மகன்மார், மருமக்கள், பேரர், வேலைக்காரர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ். மூன்று சகோதரர்: ஜுவேசின், ஜுவேமின், ஜுவேஹுய். மூத்தவன் ஜுவேசின் விரும்பியது மெய் என்ற பெண்ணை. தகப்பன் இரண்டு சம்பந்தங்களைத் தாளில் எழுதிச் சுருட்டி, முன்னோர் முன் வணங்கித் திருவுளச்சீட்டு எடுத்து, ருய்ஜுவேயை அவனுக்குக் கட்டிவைக்கிறார். அவன் தலையாட்டுகிறான். தகப்பன் இறந்தபின் முழுக் குடும்பத்தையும் சுமக்கிறான். கடைசித் தம்பி ஜுவேஹுய் வீட்டை எதிர்த்து ஷங்காய்க்குப் புறப்படும்போது, வழிச்செலவுக்குக் காசு கொடுப்பவனும் அவன்தான்.

படித்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்று தோன்றியது. ஊரை விட்டுப் போனதால் நானும் ஜுவேஹுய் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இல்லை, நான் ஜுவேசின். ஆயிரக்கணக்கான மைல் கடந்தும் வீட்டை விட்டுப் போகாதவன். பா ஜினுடைய சொந்த அண்ணனே ஜுவேசினுக்கு மாதிரி. 1931இல் தொடர் வரத் தொடங்கிய நேரத்திலேயே, நாவலைப் படிக்காமலே, அந்த அண்ணன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை அறிந்தபோது எனக்காகவே அழுதேன் என்று சொல்லவேண்டும்.

சீனத் தோழி பெற்றோர்க் கடனைக் குறிக்கும் எழுத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மேலே முதியவர், கீழே பிள்ளை. பிள்ளை முதியவரைச் சுமப்பதாகப் படிக்கலாம், முதியவர் பிள்ளையை அழுத்துவதாகவும் படிக்கலாம் என்றாள். அவள் ஒற்றைப் பிள்ளை. அவளுடைய தாய் தகப்பன் செங்டுவில் தனியே இருந்தார்கள். வேறிடத்தில் வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று 2013இல் சீனாவில் சட்டமே வந்தபோது, அவள் அதைக் கைப்பேசியில் வாசித்துக் காட்டினாள். நோர்வேயில் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகளின் தலையிலிருந்து 1960களிலேயே சட்டப்படி இறங்கிவிட்டது. அதைக் கொம்மூன், அதாவது நகரசபை ஏற்றுக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும், பெற்றோரைத் தொலைவில் விட்டுவிட்டு, அந்தக் கொம்மூன் சம்பளத்தில் வேறு யாருடையவோ தாய் தகப்பனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லி ஒருநாள் இரண்டு பேருமே அழுதோம்.

அவள் சொல்லித்தான் 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலையும் படித்தேன். 18ஆம் நூற்றாண்டில், அரச தயவில் வாழ்ந்து சொத்துப் பறிபோன குடும்பத்தில் பிறந்த சாவ் சுவேச்சின் வறுமையில் இருந்து எழுதியது. 1791இல்தான் அச்சேறியது. அதில் பாவ்யூ என்ற இளைஞனைக் குடும்பமே ஏமாற்றுகிறது. விரும்பியவளைக் கட்டப்போகிறோம் என்று நம்பவைத்து, முக்காட்டின் கீழே வேறு பெண்ணை நிறுத்துகிறார்கள். அந்த நேரத்திலேயே விரும்பியவள் தாய்யூ வேறொரு அறையில் உயிர் விடுகிறாள். வீட்டில் யாரும் கொடியவர்கள் அல்லர். எல்லாரும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. மேற்குநாட்டு நாவலில் காயம் ஒருவருக்குள்ளே நடக்கிறது. கிறிஸ்தீன் தகப்பனுக்குச் செய்ததை ஆயுள் முழுக்கத் தானே சுமக்கிறாள். தோனி தன் பிழையைத் தன் கையால் எழுதுகிறாள். சீன நாவலில் காயம் வீட்டுக்குள் நடக்கிறது. யாரோ எடுத்த முடிவு யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில். அப்பா எனக்குக் கட்டளை இடவில்லை. ஆனால் நான் தோனியைப்போல் என் கையாலேயே எழுதிக்கொண்டேன். கணக்கு அழகாக இருந்தது. அதில் நான் கொடுத்தவன் மட்டுமே.

2015இல் என் மகளுக்குப் பத்தொன்பது வயது. சிநேகிதிகளோடு வாடகை அறை எடுத்துத் தனியே போகப்போவதாகச் சொன்னாள். பல்கலைக்கழகத்துக்குக் கிட்டவாம். எனக்குப் பொறுக்கவில்லை. கொப்பியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். குடும்பத்துக்காக ஒரு மனிதன் என்ன செய்யலாம் என்பதைப் பார் என்றேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கேலி செய்யவில்லை. அவளுக்கு என்மேல் இரக்கம்தான் வந்தது, முகத்தில் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில், இரண்டு கோட்டுக்கு மேலே விரலை வைத்துக் கேட்டாள்: "கடைசி மாமியைக் கேட்டனீங்களா அப்பா? அவவுக்கு இது விருப்பமோ எண்டு?"

எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கிழமை பா ஜினை மறுபடி எடுத்தேன். முதல் வாசிப்பில் அழுத பக்கங்களைத் தாண்டி, முடிவுக்கு அருகில் போனேன். பாட்டனார் இறந்துவிட்டார். பிணம் வீட்டில் இருக்கையில் பிள்ளைப்பேறு நடந்தால் இரத்தத் தீட்டு இறந்தவருக்குக் கேடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். நிறைமாத ருய்ஜுவேயை நகரத்துக்கு வெளியே அனுப்பவேண்டும். ஜுவேசினுக்கு அது அநியாயம் என்று தெரியும். எப்போதும்போல் தலையாட்டுகிறான். ஒதுக்குப்புறமான ஈரவீட்டில் அவளுக்கு வலி எடுக்கிறது. துக்கம் காப்பவன் பிள்ளைப்பேற்று அறைக்குள் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவன் பெயரைக் கூப்பிட்டபடியே அவள் இறக்கிறாள். அவன் கதவுக்கு வெளியே நிற்கிறான்.

2005இல் இந்த இடத்தை வாசித்தபோதும் நான் ஜுவேசினுக்காகத்தான் அழுதேன். பாவம், என்ன பாடுபட்டவன் என்று. பத்து வருடம் கழித்துத்தான் கதவுக்கு உள்ளே இருந்தவளைப் பார்த்தேன். அவன் கீழ்ப்படிந்தான், அவள் செத்தாள். தியாகம் செய்கிறவன் தன்னுடையதை மட்டும் கொடுப்பதில்லை. அவனுடைய பொறுமைக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். சீன நாவல் இதை இரக்கமில்லாமல் சொல்லிவிட்டது. நீல பத்மநாபன் 1968இல் 'தலைமுறைகள்' நாவலில் இரணியல் தெரு ஒன்றின் முறைகளுக்கு நடுவே, கணவன் அவதூறு சொல்லித் தள்ளிவைத்த நாகம்மையை வைத்துச் சொன்னதும் இதுதான். தமிழில் படித்திருந்தும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் இருக்கும் கடைசித் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். சுகம் விசாரித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, கடைசியில் கேட்டேன்.

"அப்ப உனக்கு அந்தக் கலியாணம் விருப்பமோ?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கோழி ஒன்று கொக்கரிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏன் அண்ணா இப்ப இதைக் கேக்கிறியள்? இவர் நல்ல மனுசன். குறை ஒண்டும் இல்லை." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஆசிரிய கலாசாலைக்கு எடுபட்டு அந்தக் கிழமைதான் கடிதம் வந்தது. அதே கிழமை உங்கட காசும் வந்தது. அப்பா ரெண்டையும் மேசையில வைச்சிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் அங்க குளிருக்கை நிண்டு மீன் வெட்டி அனுப்பின காசு. நான் என்னெண்டு அண்ணா வேண்டாமெண்டு சொல்லுறது?"

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. என் கஷ்டம் அவள் வாயை அடைத்திருந்தது. பொட்ஸ்ஃபியோர்டு இருட்டில் நான் பெருமையோடு எழுதிய தொகை, அவளுக்கு முன்னால் சாத்திய கதவாக நின்றிருக்கிறது. பத்து வருடம் நான் என்னை ஜுவேசின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான் அந்தப் பெரிய வீடு.

"மன்னிச்சுக்கொள்" என்றேன். எங்கள் வீட்டில் மூத்தவர்கள் பயன்படுத்தாத சொல். வாயில் புதிதாக இருந்தது. மகளின் கலியாண இரவில் இருட்டில் கதைத்துக்கொண்ட அந்த நோர்வே நாவலின் தாயும் தகப்பனும் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவர்களைப் படித்திருக்காவிட்டால், அந்த வயதில் அந்தச் சொல்லைச் சொல்லலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. அவள் மறுமுனையில் அழுதாள். பிறகு, கறி அடுப்பில் இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றாள்.

மகள் அடுத்த மாதம் தன் அறைக்குப் போனாள். அரிசிச் சட்டியையும் திரைச்சீலையையும் நானே காரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்து, இரண்டு கோட்டுக்குக் கீழே திகதி போட்டேன். தொகைக்குரிய நிரலில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. வலப்பக்கத்தில், கடைசித் தங்கச்சியின் பெயருக்கு எதிரே, இப்படி எழுதினேன்: ஆசிரிய கலாசாலை. நான் கேட்கவில்லை.